ஜே-1ல ரெசிடென்சி போற தம்பிக்கு: பெனிஃபிட்ஸ் ஃபார்ம்ல டிக் போடறதுக்கு முன்னாடி

தம்பி கேட்டது இது. அமெரிக்கால இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு (ஹாஸ்பிடல்ல வேலை பாத்துக்கிட்டே ஸ்பெஷலிஸ்ட் ஆகற பயிற்சி) மேட்ச் ஆயிருக்கு, அதாவது ரேங்க் லிஸ்ட் வச்சு சீட் ஒதுக்கற முறைல இடம் கிடைச்சிருக்கு, ஜே-1 விசா (பயிற்சிக்கு வர்றவங்களுக்கான தற்காலிக விசா), ஜூன் கடைசில ஓரியண்டேஷன், ஜூலை 1 ஜாயினிங். காண்ட்ராக்ட்டோட சேர்த்து எழுபது பக்கத்துக்கு ஒரு பெனிஃபிட்ஸ் பிடிஎஃப் அனுப்பியிருக்காங்க, ஹெல்த், டென்டல், லைஃப், டிஸெபிலிட்டி, மால்ப்ராக்டிஸ்னு என்னென்னமோ இருக்கு. மனைவி இப்ப நாலு மாசம், டெலிவரி செப்டம்பர் கடைசில. "எத டிக் போடணும், எத விட்டுடலாம், சொல்லுங்கக்கா"ன்னு கேட்டிருக்கார்.

முதல்ல மனசார வாழ்த்துக்கள் தம்பி. நானும் தமிழ்நாட்ல எம்பிபிஎஸ் முடிச்சு ஜே-1ல வந்தவதான், ரெசிடென்சி முடிச்சு, வெய்வர் வேலையும் (ஊருக்கு திரும்பணும்ங்கற ஜே-1 நிபந்தனைய தள்ளுபடி பண்ண, டாக்டர் பத்தாத இடத்துல பாக்கற வேலை) முடிச்சு, இப்ப ஹாஸ்பிடலிஸ்ட்டா (அட்மிட் ஆனவங்கள பாக்கற டாக்டர்) இருக்கேன். அந்த பிடிஎஃப்ப நான் வந்தப்ப திறந்துகூட பாக்கல, ஓரியண்டேஷன் ஹால்ல பக்கத்துல உக்காந்திருந்த பையன் எதுக்கு டிக் போட்டானோ அதையே நானும் போட்டேன். அவன் அந்த ஊர்க்காரன், கல்யாணம் ஆகல, வேலை போனா அம்மா வீட்டுக்கு போயிடுவான், 26 வயசு வரைக்கும் அப்பா அம்மா இன்சூரன்ஸ்லயே இருக்கலாம். நமக்கு அப்படி இல்ல, சம்பளம், இன்சூரன்ஸ், விசா மூணும் ஒரே கயித்துல தொங்குது. அதனால ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும்போது ஒரே கேள்விய கேட்டுட்டே படிங்க: நாளைக்கு இந்த வேலைல நான் இல்லன்னா, இல்ல என்னால வேலை செய்ய முடியலன்னா, இது என்ன ஆகும்? அந்த கேள்விய வச்சு பாத்தா எது முக்கியம், எது சும்மா அலங்காரம்னு தானா பிரிஞ்சு வந்துடும்.

சம்பளத்த பேரம் பேசலாமான்னு சில பேர் கேப்பாங்க. முடியாது. மேட்ச் ரிசல்ட் கட்டுப்படுத்தும், ரேங்க் லிஸ்ட் கொடுத்த அன்னைக்கே ஒத்துக்கிட்ட மாதிரி. இந்த சிஸ்டம் போட்டிய கெடுத்து சம்பளத்த அமுக்குதுன்னு 2002ல ரெசிடென்ட்ஸ் கேஸே போட்டாங்க, 2004ல காங்கிரஸ் ஒரு பென்ஷன் சட்டத்துக்குள்ள ஒரு பிரிவ வச்சு மேட்சுக்கு அந்த போட்டிச் சட்டத்துலேந்து விலக்கு கொடுத்துடுச்சு, கேஸ் அதோட போச்சு. பேரம் பேச வழியில்லங்கறதாலதான் ஏசிஜிஎம்இ (ரெசிடென்சி ப்ரோக்ராம்களுக்கு அங்கீகாரம் கொடுக்கற அமைப்பு) போட்டு வச்சிருக்கற குறைந்தபட்ச விதிகள் நமக்கு உயிர்நாடி. அத தெரிஞ்சு வச்சுக்கறதுதான் நம்ம பேரம்.

ஹெல்த் இன்சூரன்ஸ்லேந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா உங்களுக்கு இதுதான் இப்ப அவசரம். முதல் கேள்வி, கவரேஜ் எந்த தேதிலேந்து? ஓரியண்டேஷன் ஜூன் 20ம் தேதி இருக்கும், இன்சூரன்ஸ் ஜூலை 1லேந்துதான் இருக்கும். அப்படி இடைவெளி இருந்தா அத முன்னாடியே உங்களுக்கு தெரியப்படுத்தணும், வேணும்னா இடைக்காலத்துக்கு நீங்களே வாங்கிக்கற மாதிரி, இது ஏசிஜிஎம்இ விதி. ஜே-1ல ப்ரோக்ராம் ஆரம்பிக்க 30 நாள் முன்னாடியே நாட்டுக்குள்ள வரலாம், நம்மாளுங்க வீடு பாக்க, டிரைவிங் லைசென்ஸ் எடுக்கன்னு ஜூன் முதல் வாரமே வந்துடுவாங்க, அந்த மூணு நாலு வாரம் கையில ஒரு கவரேஜும் இல்லாம கர்ப்பமா இருக்கற மனைவியோட சுத்தறது ரொம்ப ஆபத்து. அந்த சமயத்துக்கு ஊர்லேந்து எடுக்கற டிராவல் பாலிசி, விசிட்டர் பாலிசி பெரும்பாலும் கர்ப்பம் சம்பந்தப்பட்ட எதையும் எடுத்துக்காது, எடுத்துக்கிட்டாலும் ஏகப்பட்ட நிபந்தனை இருக்கும், வரி வரியா படிங்க. முடிஞ்சா அவங்க கவரேஜ் ஆரம்பிக்கற தேதிய ஒட்டி வர்ற மாதிரி டிக்கெட் போடுங்க, ஜூலைல கிட்டத்தட்ட ஏழு மாசம் நடக்கும், ஏர்லைன்ஸ் கேக்கற டாக்டர் லெட்டர், வார வரம்பு எல்லாம் பாத்துக்கிட்டு.

ஹாஸ்பிடலோட குரூப் பிளான்ல மனைவிய சேத்துட்டீங்கன்னா கவலை இல்ல. 2014லேந்து ஒபாமா சட்டப்படி ஏற்கனவே இருக்கற நோய்னு சொல்லி தள்ள முடியாது, கர்ப்பமும் அப்படித்தான், எத்தனை மாசமா இருந்தாலும் முதல் நாள்லேந்து கவர் ஆகும். யாராவது "குரூப் பிளான்ல டிபெண்டன்ட்ட சேத்தா பிரீமியம் அதிகம், ஜே-2க்கு (மனைவி, குழந்தைகளுக்கான விசா) தனியா மலிவா ஒரு பாலிசி இருக்கு, அது விசா ரூல்ஸுக்கு போதும்"னு சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. விசா ரூல்ஸ் கேக்கறது ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர் கவரேஜ், டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கட்டற தொகை) 500 டாலருக்கு மேல போகக்கூடாது, மெடிக்கல் இவாக்குவேஷனுக்கு 50,000, இறந்துட்டா உடல ஊருக்கு அனுப்ப 25,000. அந்த மலிவு பாலிசி இந்த நம்பர் எல்லாத்தையும் தாண்டும், ஆனா பிரசவத்த வெளில தள்ளியிருக்கும். குழந்தை என்ஐசியூல (பச்சக்குழந்தைங்களுக்கான ஐசியூ) ரெண்டு வாரம் இருக்க வேண்டி வந்தா ஒரு லட்சம் டாலரெல்லாம் காத்துல கற்பூரம் மாதிரி கரைஞ்சிடும். இன்னொரு பக்கம், ஹாஸ்பிடல் பிளான்ல அந்த இவாக்குவேஷனும் உடல் அனுப்பற செலவும் வழக்கமா இருக்காது, டிடக்டிபிளும் 500ஐ தாண்டியிருக்கலாம், இந்த குறைய யார் எப்படி நிரப்பறாங்கன்னு ஜிஎம்இ ஆபீஸ்ல (ஹாஸ்பிடல்ல ரெசிடென்சி ப்ரோக்ராம்கள பாத்துக்கற ஆபீஸ்) கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, மனைவிக்கும் சேத்து.

குழந்தை பிறந்தா அது தானா உங்க பிளான்ல வந்துடாது. பொதுவா 30 நாள் டைம், அதுக்குள்ள எச்ஆர்ல பேர சேக்கணும், சேத்துட்டா பிறந்த நாள்லேந்தே கவரேஜ் ஓடும். தவற விட்டா அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (வருஷத்துக்கு ஒரு தடவை பிளான்ல சேரற, மாத்தற நேரம்) வரைக்கும் காத்திருக்கணும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரட்டும், பர்த் சர்டிபிகேட் வரட்டும்னு உக்காந்துடாதீங்க, நம்பர் வர்றதுக்கு முன்னாடியே சேக்கலாம். என் பேட்ச்ல ஒருத்தர் நைட் ஃப்ளோட் (தொடர் ராத்திரி டியூட்டி) அலைச்சல்ல இருபத்தொம்பதாவது நாள் சாயங்காலம் ஞாபகம் வந்து எச்ஆர் ஆபீஸுக்கு ஸ்க்ரப்ஸோட ஓடினார், பூட்டறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி போய் சேந்தார். ஊர்லேந்து பிரசவம் பாக்க வர்ற அம்மா, மாமியார இந்த பிளான்ல சேக்க முடியாது, அவங்களுக்கு தனி பாலிசி, சுகர் பிபி இருந்தா அதுக்கேத்த மாதிரி பாத்து எடுங்க.

இப்ப லீவ். பெரும்பாலான நம்ம பசங்களுக்கு தெரியாத விஷயம் இது, தெரிஞ்சாலும் கேக்க கூச்சப்படுவாங்க. 2022 ஜூலை 1லேந்து ஏசிஜிஎம்இ விதிப்படி ஒவ்வொரு ரெசிடென்ட்டுக்கும் ட்ரெய்னிங் காலத்துல ஒரு தடவையாவது ஆறு வாரம் லீவ், முழு சம்பளத்தோட. சொந்த உடம்புக்கோ, குழந்தை பிறப்புக்கோ, குடும்பத்துல ஒருத்தர பாத்துக்கவோ. அம்மாவுக்கு மட்டும்னு இல்ல, அப்பாவுக்கும்தான். ரிப்போர்ட் பண்ற முதல் நாள்லேந்தே உரிமை உண்டு, அந்த ஆறு வாரம் போக அந்த வருஷத்துல இன்னும் ஒரு வாரமாவது சம்பள லீவ் மிச்சம் வைக்கணும், லீவ்ல இருக்கும்போது உங்களுக்கும் குடும்பத்துக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் நிக்கக்கூடாது. எச்ஆர்ல யாராவது "எஃப்எம்எல்ஏவுக்கு 12 மாசம் வேலை பாத்திருக்கணுமே, நீங்க செப்டம்பர்ல தகுதி ஆக மாட்டீங்க"ன்னு சொல்லலாம். அது 1993ல வந்த ஃபெடரல் சட்டம், 12 வாரம் சம்பளமில்லாத லீவ், அதுக்கு 12 மாசமும் 1,250 மணி நேரமும் வேணுங்கறது சரிதான். ஆனா நீங்க கேக்கறது அது இல்ல, ஏசிஜிஎம்இ ஆறு வாரம். ரெண்டும் வேற வேறங்கறது எச்ஆர்ல இருக்கற எல்லாருக்கும் தெரியறதில்ல, ஜிஎம்இ ஆபீஸுக்கு தெரியும். லீவ் எடுத்தா ட்ரெய்னிங் நீளுமான்னு பயம் வரும், ஏபிஎம்எஸ் (ஸ்பெஷலிஸ்ட் சர்டிபிகேட் கொடுக்கற போர்டுகளோட பொது அமைப்பு) கொள்கைப்படி 2021லேந்து ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ இருக்கற ட்ரெய்னிங்ல ஒரு தடவை குறைஞ்சது ஆறு வார லீவுக்கு ட்ரெய்னிங்க நீட்டாம விட போர்டுகள் வழி வைக்கணும். ஆனாலும் ஜே-1ல இருக்கறதால எந்த நீண்ட லீவா இருந்தாலும் விசா ஸ்பான்சரான ஈசிஎஃப்எம்ஜிக்கு (இப்ப இன்டெல்த் அமைப்போட பகுதி) ப்ரோக்ராம் வழியா முன்னாடியே தெரியப்படுத்திடணும், டிஎஸ்-2019 (ஜே-1க்கு ஸ்பான்சர் கொடுக்கற ஃபார்ம்) தேதிகள்ல குழப்பம் வந்தா அத சரி பண்ண படற பாடு பெரும்பாடு.

அடுத்தது டிஸெபிலிட்டி இன்சூரன்ஸ். எனக்கு இதுதான் மனசுக்கு நெருக்கமான விஷயம், ஏன்னா என்கூட இருந்த ஒரு பொண்ணு ரெண்டாவது வருஷத்துல கண் பார்வை மங்கி, கால் மரத்து, கடைசில மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்னு வந்து நின்னா. வயசு 29. நம்ம ஊர்ல டெர்ம் இன்சூரன்ஸ் எல்லாரும் எடுப்போம், செத்தா குடும்பத்துக்கு காசு, ஆனா சாகாம, வேலையும் செய்ய முடியாம முப்பது வருஷம் இருக்கறதுக்கு யாரும் எதுவும் எடுக்கறதில்ல. ஹாஸ்பிடல் கொடுக்கற குரூப் டிஸெபிலிட்டி சாதாரணமா சம்பளத்துல 60 சதவீதம், அதுவும் 90 நாளோ 180 நாளோ காத்திருந்த பிறகு. பிரீமியத்த ஹாஸ்பிடல் கட்டினா வர்ற பணத்துக்கு வரி உண்டு, நீங்க வரி கட்டின காசுல கட்டியிருந்தா வரி இல்ல. பாலிசில "ஓன் ஆக்குபேஷன்" இருக்கான்னு பாருங்க, அதாவது உங்க ஸ்பெஷாலிட்டி வேலைய செய்ய முடியலன்னாலே காசு வருமா, இல்ல ஏதோ ஒரு வேலை, ஒரு மேஜைல உக்காந்து ஃபோன் எடுக்கற வேலையாவது செய்ய முடிஞ்சா நிறுத்திடுவாங்களான்னு. வேலைய விட்டா குரூப் பாலிசி பெரும்பாலும் அங்கயே நின்னுடும்.

அதுக்காகத்தான் தனி பாலிசி. நிறைய டீச்சிங் ஹாஸ்பிடல்ல ஜிஎஸ்ஐன்னு ஒண்ணு இருக்கும், உடம்ப பத்தி மெடிக்கல் கேள்வி கேக்காம ரெசிடென்ட்டுக்கு கொடுக்கற தனி பாலிசி, பிரீமியம் கட்டற வரைக்கும் நீங்க எங்க போனாலும் கூடவே வரும். சுகர் ஆரம்பிச்சிருக்கு, முதுகு வலி, மனச்சோர்வுக்கு கவுன்சிலிங் போயிருக்கேன்னு ஏதாவது இருந்தா இதுதான் வழி, ஏன்னா வழக்கமா மெடிக்கல் பாத்து கொடுக்கற பாலிசில இதையெல்லாம் விலக்கி வச்சிடுவாங்க. ஒரு பொறி இருக்கு, முதல்ல வெளில ஒரு கம்பெனில அப்ளை பண்ணி நிராகரிச்சுட்டாங்கன்னா அப்புறம் ஜிஎஸ்ஐயும் கிடைக்காம போகலாம், அதனால முதல்ல ஜிஎஸ்ஐ இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம்தான் எந்த ஏஜென்ட்டுக்கும் கையெழுத்து. ஜே-1க்கு சில கம்பெனி விக்கவே மாட்டாங்க, சில கம்பெனி விப்பாங்க. வித்தா கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி: நான் முடியாம மதுரைக்கு திரும்பி போயிட்டா காசு வருமா? நிறைய பாலிசில அமெரிக்கா, கனடாவுக்கு வெளில இருந்தா 12 மாசம்தான் கொடுப்போம்னு ஒரு வரி எங்கயோ கடைசி பக்கத்துல இருக்கும். வேலை செய்ய முடியாத ஜே-1 டாக்டர் இங்க இருக்கவே முடியாது, ஊருக்குத்தான் போகணும், அப்ப அந்த ஒரு வரிதான் மொத்த பாலிசியும். அந்த பொண்ணுகிட்ட குரூப் பாலிசி மட்டும்தான் இருந்துது.

மால்ப்ராக்டிஸ்ல, அதாவது சிகிச்சைல தப்பு நடந்துதுன்னு பேஷன்ட் போடற கேஸுக்கான இன்சூரன்ஸ்ல, ரெண்டே வார்த்தை தெரிஞ்சா போதும், அக்கரன்ஸ், க்ளெய்ம்ஸ்-மேட். அக்கரன்ஸ்னா நீங்க அங்க வேலை பாத்தப்ப நடந்த சம்பவத்துக்கு எப்ப கேஸ் போட்டாலும் கவர். க்ளெய்ம்ஸ்-மேட்னா பாலிசி உயிரோட இருக்கும்போது கேஸ் வந்தாதான் கவர், அப்புறம் வர்ற கேஸுக்கு "டெய்ல்"னு தனியா வாங்கணும். ட்ரெய்னிங்ல நடந்ததுக்கு டெய்ல் ப்ரோக்ராம் கொடுக்கணும்னு விதி இருக்கு, அதனால கவலைப்படாதீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. 2019ல ஃபிலடெல்ஃபியால ஹானிமன் யூனிவர்சிட்டி ஹாஸ்பிடல் திவாலாகி மூடுச்சு, பேருதான் அப்படி, நல்ல பெரிய அலோபதி டீச்சிங் ஹாஸ்பிடல். ஐநூத்தம்பதுக்கு மேல ரெசிடென்ட்ஸும் ஃபெலோஸும் ஒரே கோடைல நடுத்தெருவுல நின்னாங்க. ரெசிடென்ட் சீட்டுகள சொத்து மாதிரி ஏலத்துக்கு விட்டாங்க, 55 மில்லியன் டாலருக்கு விக்க கோர்ட் ஒத்துக்கிச்சு, அரசாங்கம் அப்பீல் போய் அது நடக்காம போச்சு. அது நடந்துட்டு இருக்கும்போதே இவங்களுக்கு லெட்டர் வந்துது, டெய்ல் கவரேஜுக்கு காசு இல்ல, நீங்களே வாங்கிக்கோங்கன்னு. வேற ஊர்ல புது ப்ரோக்ராம்ல சேந்தும், பழைய ஹாஸ்பிடல்ல பாத்த பேஷன்ட் நாளைக்கு கேஸ் போட்டா யார் நிப்பாங்கன்னு தெரியாம பல மாசம் இருந்தாங்க, ஏஎம்ஏ (அமெரிக்க மருத்துவர் சங்கம்) மாதிரி சங்கங்கள் கோர்ட்ல தலையிட்டு 2020லதான் ஒரு தீர்வு வந்துது. ஜே-1 பசங்களுக்கு கூடுதலா, சீக்கிரம் சீட் கிடைக்கலன்னா நாட்ட விட்டே போகணும்ங்கற பயம் வேற. ஹாஸ்பிடல் மூடறது தினம் நடக்கற விஷயம் இல்ல, ஆனா உங்க காண்ட்ராக்ட் அக்கரன்ஸா க்ளெய்ம்ஸ்-மேடா, டெய்ல் யார் பொறுப்புன்னு ஒரு மெயில் அனுப்பி பதில சொந்த மெயில் ஐடில சேத்து வைக்க அஞ்சு நிமிஷம்தான் ஆகும். இன்னொண்ணு, இந்த கவரேஜ் ட்ரெய்னிங் வேலைக்கு மட்டும். தமிழ்ச் சங்க பொங்கல் விழால யாராவது "டாக்டர், ஒரு ஆன்டிபயாடிக் எழுதி கொடுங்களேன்"னு கேப்பாங்க, அன்பாதான் கேப்பாங்க, எழுதாதீங்க, அங்க நீங்க தனி ஆள். ஜே-1ல மூன்லைட்டிங்கும் (ட்ரெய்னிங்குக்கு வெளில கூடுதல் காசுக்கு வேலை பாக்கறது) கூடவே கூடாது.

ஊசி குத்தினா என்ன பண்ணணும்னு நான் அடிபட்டு கத்துக்கிட்டேன். இன்டர்ன் இயர், ராத்திரி மூணு மணி, சென்ட்ரல் லைன் போட்டு தையல் போடும்போது ரெட்டை கிளவுஸ் தாண்டி ஊசி விரல்ல ஏறிடுச்சு, பேஷன்ட்டோட எச்ஐவி ஸ்டேட்டஸ் தெரியாது. சீனியர் "ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு பாத்துக்கலாம்"னு சொன்னார், நானும் கைய கழுவிட்டு நோட்ஸ் எழுத உக்காந்துட்டேன். காலைல எமர்ஜென்சி போய் என் சொந்த இன்சூரன்ஸ் கார்ட நீட்டினேன், ரெண்டு மாசம் கழிச்சு ஆயிரம் டாலருக்கு மேல பில் வீட்டுக்கு வந்துது. நான் பண்ணினது ரெண்டுமே தப்பு. மருந்து ஆரம்பிக்கறதுன்னா எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, மணிக்கணக்குல, 72 மணி தாண்டினா பிரயோஜனம் ரொம்ப குறைவு, ரவுண்ட்ஸ் காத்திருக்கும். அப்புறம் இது வேலைல நடந்த காயம், ஓஷா (வேலையிட பாதுகாப்ப பாத்துக்கற அரசு அமைப்பு) விதிப்படி பரிசோதனை, மருந்து, ஃபாலோ-அப் எல்லாம் ஹாஸ்பிடல் செலவு, உங்க கைலேந்து ஒரு காசு போகக்கூடாது. அக்கவுண்ட் எம்ப்ளாயி ஹெல்த் பேர்ல ஓப்பன் ஆகணும், இன்சிடென்ட் ரிப்போர்ட் அன்னைக்கே போடணும். அந்த ரிப்போர்ட் இல்லன்னா நாளைக்கு ஏதாவது வந்தா அது வேலைலதான் வந்துதுன்னு நிரூபிக்க உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. பில்ல ஆறு ஃபோன் கால் பேசி ரத்து பண்ணினேன்.

வேலை நேரம் பத்தி சுருக்கமா. வாரம் 80 மணி, நாலு வாரத்துக்கு சராசரி, ஏழு நாள்ல ஒரு நாள் லீவ் அதுவும் சராசரி, தொடர்ச்சியா 24 மணி, ஹேண்ட்-ஆஃபுக்கு (பேஷன்ட்ஸ அடுத்த டீமுக்கு ஒப்படைக்க) மேல நாலு. 1984ல நியூயார்க்ல லிபி சையன்னு 18 வயசு பொண்ணு ஓய்வில்லாம வேலை பாத்த ரெசிடென்ட்ஸ் கவனிப்புல செத்த பிறகு அவங்க அப்பா விடாம போராடினதுலதான் 1989ல அந்த மாநிலத்துல முதல்ல விதி வந்துது, நாடு முழுக்க வர 2003 ஆச்சு. நேரத்த உள்ளத உள்ளபடி லாக் பண்ணுங்க. குறைச்சு எழுத சொல்லி யாரும் எழுத்துல கேக்க மாட்டாங்க, முகத்துல கேப்பாங்க. யூனியன் இருக்கற ஹாஸ்பிடல்னா சேருங்க. 1999ல பாஸ்டன் மெடிக்கல் சென்டர் தீர்ப்புலேந்து ரெசிடென்ட்டும் தொழிலாளிதான், விசா என்னவா இருந்தாலும். 2023 மே மாசம் நியூயார்க் எல்ம்ஹர்ஸ்ட் ஹாஸ்பிடல்ல மூணு நாள் ஸ்ட்ரைக் பண்ணினவங்கள்ல பெரும்பாலானவங்க நம்மள மாதிரி வெளிநாட்டுல படிச்சவங்கதான், மான்ஹாட்டன்ல இருக்கறவங்களுக்கு கொடுக்கற சம்பளத்த எங்களுக்கும் கொடுன்னு கேட்டாங்க, மூணு வருஷத்துல 18 சதவீதம் உயர்வு வாங்கினாங்க.

வேலைல வார்னிங், ப்ரொபேஷன், காண்ட்ராக்ட் புதுப்பிக்கலன்னு பேச்சு வந்தா எழுத்துல கேளுங்க, உங்களுக்கு அப்பீல் உரிமை உண்டு, அந்த விதிமுறை காண்ட்ராக்ட்லயே இருக்கும். மனசு சரியில்லன்னா 24 மணி நேரமும் ரகசியமா கவுன்சிலிங்குக்கு வழி வைக்கணும்னு ப்ரோக்ராமுக்கு கட்டாயம் இருக்கு, ஊர விட்டு வந்து, சின்ன குழந்தையோட, முதல் குளிர்காலம் ரொம்ப கஷ்டமா இருக்கும், அந்த நம்பர ஃபோன்ல இப்பவே சேவ் பண்ணி வைங்க, மனைவி ஃபோன்லயும்.

சம்பளத்துல பிடித்தம் பத்தியும் சொல்லிடறேன். மத்தவங்க சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு 7.65 சதவீதம் போகும், 2011ல மேயோ கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ரெசிடென்ட்டும் கட்டணும்னு சொல்லிடுச்சு. ஆனா ஜே-1ல புதுசா வர்றவங்களுக்கு சாதாரணமா முதல் ரெண்டு காலண்டர் வருஷம் இது கிடையாது, ஜூன்ல வந்தாலும் அந்த வருஷம் ஒரு முழு வருஷமா கணக்கு. பேரோல்ல தெரியாம பிடிச்சுடுவாங்க, முதல் பே ஸ்லிப்பயே பாருங்க. டென்டல், விஷன் உங்க இஷ்டம். லைஃப் இன்சூரன்ஸ் ஹாஸ்பிடல் இலவசமா கொடுக்கறது போக, குழந்தை வர்ற நேரத்துல ஒரு டெர்ம் பாலிசி எடுத்துக்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கான பிளாக் ஷெட்யூல (யாருக்கு எப்ப எந்த டியூட்டின்னு) சீஃப்ஸ் (சீனியர் ரெசிடென்ட்ஸ்) இப்பத்தான் போட்டுட்டு இருப்பாங்க. டெலிவரி தேதிய சொன்னா முதல் மாசமே கெட்ட பேர் ஆயிடும்னு நினைச்சு ஜூலை வரைக்கும் சொல்லாம இருக்காதீங்க, அப்ப சொன்னா செப்டம்பர்ல உங்களுக்கு ஐசியூ போட்டிருப்பாங்க, உங்க நைட்ஸ இன்னொரு இன்டர்ன் தலைல கட்டணும், அதுலதான் மனக்கசப்பு வரும். கோஆர்டினேட்டருக்கு நாலு வரி மெயில் போதும்: மனைவிக்கு செப்டம்பர் கடைசில டெலிவரி, பேரன்டல் லீவ் எடுக்க விரும்பறேன், அந்த சமயத்துல எலெக்டிவ் (விருப்பப் பிரிவு) இல்லன்னா ஆம்புலேட்டரி (ஓபி) பிளாக் வச்சா எல்லாருக்கும் வசதியா இருக்கும், ஃபார்ம் ஏதாவது இருந்தா அனுப்புங்க. அனுப்பிட்டு பதில் என்ன வந்துதுன்னு எனக்கும் சொல்லுங்க தம்பி.